கீட்டோ தலைசுற்றல்: பல்லைக் கடித்துக்கொண்டு தாங்க வேண்டாம்

மாவுச்சத்தை மிகவும் குறைத்து, கொழுப்பை அதிகம் சாப்பிடும் கீட்டோ டயட்டைத் தொடங்கியவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: தலை சுற்றுகிறது, உடம்பு அடித்துப் போட்டமாதிரி இருக்கிறது, என்ன செய்ய? இதில் பலரிடம் ஜிம்மிலோ வாட்ஸ்அப் குரூப்பிலோ யாரோ “அது கொழுப்பு கரையும் அறிகுறி, ஒரு வாரம் தாங்கிக்கோ” என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். கண் இருட்டுவதற்கும் கொழுப்பு கரைவதற்கும் சம்பந்தமே இல்லை. பெரும்பாலானவர்களுக்கு அது உப்பும் தண்ணீரும் குறைந்ததால் வருவது, ஓரிரு நாளில் சரிசெய்துவிடலாம். சிலருக்கு அது வேறு கதை, அவர்கள் டாக்டரிடம் போக வேண்டும். நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பதில்கள். ஒரு விஷயம், பலர் என்னை “டாக்டர்” என்று எழுதுகிறீர்கள். நான் டயட்டீஷியன், மேடம் போதும்.

வயது 34. டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டி வரை தினமும் மும்பை லோக்கல் ரயில். கீட்டோவில் இன்று நாலாம் நாள். தானே ஸ்டேஷன் வருவதற்குள் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது, காலில் தெம்பே இல்லை. ஆனால் இரண்டரை கிலோ குறைந்துவிட்டது! தொடரலாமா மேடம்?

அந்த இரண்டரை கிலோவிலேயே பதில் இருக்கிறது. நாலு நாளில் அவ்வளவு கொழுப்பு யாருக்கும் கரையாது. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்று ஏறக்குறைய அரை கிலோ மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கும், அதன் ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சோறு சப்பாத்தியை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு செலவாகி, தண்ணீர் சிறுநீராகப் போய்விடுகிறது. இன்னொன்றும் நடக்கிறது. சோடியத்தை உடம்பிலேயே பிடித்துவைக்கச் சொல்லி சிறுநீரகத்துக்கு உத்தரவு போடுவதில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு. கீட்டோவில் இன்சுலின் இறங்கிவிடுவதால் சிறுநீரகம் உப்பைத் தாராளமாக வெளியே விடுகிறது. உப்பு போனால் ரத்தத்தின் கொள்ளளவு குறையும், நீங்கள் நிற்கும்போது ரத்தம் காலில் தங்கும், மூளைக்குப் போய்ச் சேருவது குறையும், கண் இருட்டும். இதோடு இந்த ஊர்ப் புழுக்கமும் ரயில் நெரிசலில் வழிகிற வியர்வையும் வேறு.

இந்த நேரத்தில் பலர் செய்வது வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது. அது உதவாது, இருக்கிற சோடியத்தை இன்னும் நீர்த்துப்போகத்தான் செய்யும். உங்களுக்கு பிபி, சிறுநீரகம், இதயக் கோளாறு எதுவும் இல்லை, மாத்திரை எதுவும் எடுக்கவில்லை என்றால், சமையலில் வழக்கமாகப் போடும் உப்பு போக, நாள் முழுவதுக்குமாகச் சேர்த்து அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன் வரை உப்பைப் பிரித்துப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டீஸ்பூன் உப்பில் சுமார் 2 கிராம் சோடியம் இருக்கிறது. காலையில் கிளம்புமுன் ஒரு டம்ளர் உப்புப் போட்ட மோர், மதியம் பருப்பு போடாத ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பது, அசைவம் என்றால் சாயங்காலம் எலும்பு சூப், இப்படி. “உப்பு குறைவாகச் சாப்பிடு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?” என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பொதுவான சாப்பாட்டுக்கு. மாவுச்சத்தை 20 முதல் 50 கிராமுக்குள் சுருக்கியவர்களின் கணக்கு வேறு. கீட்டோவை விட்டு வெளியே வந்ததும் அந்தக் கூடுதல் உப்பையும் நிறுத்திவிட வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வீட்டில் பிபி மெஷின் இருந்தால் ஒரு சோதனை: ஐந்து நிமிடம் படுத்திருந்துவிட்டு அளந்து பாருங்கள், எழுந்து நின்று முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் காரணம் இதுதான் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். உப்பு எடுத்தும் இரண்டு மூன்று நாளில் மாறவில்லை என்றால், அல்லது ஒருமுறை மயங்கி விழுந்தாலே போதும், படபடப்பு, நெஞ்சுவலி வந்தாலும் சரி, கீட்டோவை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

அதுவரை ரயிலில் கதவோரம் நிற்கவே நிற்காதீர்கள். கண் இருட்டத் தொடங்கினால் வெட்கப்படாமல் “சக்கர் ஆ ரஹா ஹை” (தலை சுற்றுகிறது) என்று சொல்லுங்கள். மும்பை லோக்கலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொள்ளச் சண்டை போடுகிறவர்களே அப்போது எழுந்து இடம் தருவார்கள். இடம் கிடைக்கும்வரை கால்களைக் குறுக்காக வைத்து, தொடையையும் கெண்டைக்காலையும் இறுக்கி இறுக்கி விட்டால் ரத்தம் மேலே ஏறும். தானேயில் இறங்கி உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டியில் போனாலும் ஆபீஸ் ஓடிப்போகாது.

செம்பூர். இரண்டாம் நாளே மண்டை பிளக்கிற தலைவலி, தூக்கம் தூக்கமாக வருகிறது. பால், சர்க்கரை கூடாது என்று காபியையும் நிறுத்திவிட்டேன்.

அங்கேதான் கோளாறு! தினமும் மூன்று வேளை ஃபில்டர் காபி குடித்த உடம்பு, ஒரே நாளில் நிறுத்தினால் சும்மா இருக்குமா? காபி நின்று 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், சிலருக்கு ஒரு வாரம்கூட இழுக்கும். பழி மட்டும் கீட்டோ மேல். காபியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்: டிகாஷன், ஒன்றிரண்டு ஸ்பூன் ஃப்ரெஷ் கிரீம், சர்க்கரை வேண்டாம். பால்தான் வேண்டும் என்றால் 100 மில்லியில் சுமார் 5 கிராம் மாவுச்சத்து, அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஒரு வேளை குடியுங்கள். குறைக்க வேண்டுமென்றால் கீட்டோ நிலைப்பட்ட பிறகு மெதுவாகக் குறைக்கலாம். இரண்டு யுத்தம் ஒரே வாரத்தில் வேண்டாம்.

முலுண்ட், வயது 52. சுகருக்கு கிளிமிபிரைட், டாபாக்ளிஃப்ளோசின், பிபிக்கு டெல்மிசார்டன். யூடியூப் பார்த்து ஒரு வாரமாகக் கீட்டோ. கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றுகிறது. உப்பு குடித்தால் சரியாகுமா?

சார், உப்பை மறந்துவிடுங்கள். இந்தப் பதிலைப் படித்ததும் உங்கள் டாக்டருக்கு போன் போடுங்கள். கீட்டோவை இன்றே நிறுத்தி, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம்.

நடுக்கமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் சுகர் இறங்கியது. கிளிமிபிரைட் நீங்கள் சோறு சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டே இருக்கும். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. அந்த நேரத்தில் “கீட்டோ கெட்டுவிடுமே” என்று யோசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கெட்டால் கெடட்டும்.

இரண்டாவது மாத்திரை இன்னும் தந்திரமானது. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன, கூடவே தண்ணீரும் உப்பும் போகும். கீட்டோவும் அதையே செய்கிறது. தலைசுற்றல் இருக்கட்டும், இந்தக் கூட்டணியில் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம்; அதுவும் சுகர் 250-க்குக் கீழே இருக்கும்போதே வரும், அதனால் மீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். இந்த மாத்திரை வகையைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே எச்சரித்தது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், இதில் எது வந்தாலும் நேராக எமர்ஜென்சிக்குப் போய், எந்த மாத்திரை சாப்பிடுகிறீர்கள், கீட்டோவில் இருந்தீர்கள் என்ற இரண்டையும் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

டெல்மிசார்டன் பற்றி ஒரு வரி: கடையில் ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், இந்த மாத்திரையோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். வாங்காதீர்கள். 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் கீட்டோ உணவுமுறையை முன்வைத்தது வலிப்பு நோயாளிகளுக்காக. இன்றும் வலிப்புக் குழந்தைகளுக்கு இதை டாக்டர் கண்காணிப்பில்தான் தொடங்குகிறார்கள். மூன்று மாத்திரை எடுப்பவர் ஒரு வீடியோவை நம்பித் தொடங்குகிற விஷயமா இது?

மாட்டுங்கா. பெண், சைவம், வயது 29. மூன்று வாரம் முடிந்துவிட்டது, சோர்வு போகவே இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உப்பு, மோர் எல்லாம் குடிக்கிறேன்.

முதல் இரண்டு வாரத்தில் வரும் சோர்வு வேறு, மூன்று வாரம் தாண்டியும் நிற்பது வேறு. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றதுமே என் கண் ஹீமோகுளோபின் மேல்தான் போகிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதில் நீங்கள் இருந்தால் எந்த டயட்டும் உங்களைத் தெம்பாக்காது. சிபிசி (ரத்த அணுக்கள்), ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, டிஎஸ்எச் (தைராய்டு), நாலும் எடுத்துப் பாருங்கள். சுத்த சைவத்தில் பி12 குறைவு சகஜம். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் முதலில் அந்த வைத்தியம், கீட்டோ அப்புறம்.

டெஸ்ட் எல்லாம் சரியாக இருந்தால், தட்டைப் பாருங்கள். சைவக் கீட்டோ என்று சொல்லிக்கொண்டு காலையில் ஒரு துண்டு பனீர், மதியம் கொஞ்சம் கோபி, ராத்திரி ஒரு கைப்பிடி பாதாம் சாப்பிட்டு அரைப்பட்டினி கிடக்கிறவர்கள் நிறைய. அது கீட்டோ இல்லை, பட்டினி. 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்குத்தான் புரதம். உங்கள் எடைக்குக் கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும். டோஃபு, கெட்டித் தயிர், பூசணி விதை, பாலக் எல்லாம் உள்ளே வரட்டும். பூசணி விதையிலும் பாலக்கிலும் மக்னீசியமும் இருக்கிறது.

கோபப்படாமல் கேளுங்கள், இதற்கு நடுவில் ஏகாதசிக்கு சாபுதானா (ஜவ்வரிசி) கிச்சடி, சனிக்கிழமை ஒரு வடா பாவ் உண்டா? ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. அப்படிக் கீட்டோவுக்கு உள்ளே சில நாள், வெளியே சில நாள் என்று இருந்தால் உடம்பு பழகவே பழகாது. முதல் வாரத்துச் சோர்வையே திரும்பத் திரும்ப அனுபவிப்பீர்கள்.

இளநீர், ஓஆர்எஸ், சோல்கடி, இதில் எது குடிக்கலாம்?

இளநீரில் பொட்டாசியம் நன்றாக இருக்கிறது, சோடியம் குறைவு, ஒரு காய்க்குப் பத்து கிராம் அளவுக்கு மாவுச்சத்தும் இருக்கிறது. 20 கிராம் கணக்கில் இருப்பவருக்கு அது பாதி நாள் சாப்பாடு. ஓஆர்எஸ் பொட்டலம் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்றால் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான், தலை சுற்றும்போது ஒரு டம்ளர் குடித்தால் மூன்று கிராம்கூட வராது, தைரியமாகக் குடிக்கலாம். பழச்சாறு மாதிரி டப்பாவில் வரும் இனிப்புத் தண்ணீர் வேறு. அவற்றின் பெயரில் ஓஆர்எஸ் என்று போடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்எஸ்எஸ்ஏஐ) 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. எனக்குப் பிடித்தது சோல்கடி: கோகம் என்ற புளிப்புப் பழம், தேங்காய்ப்பால், பூண்டு, உப்பு, கீட்டோவுக்கென்றே செய்தமாதிரி. சர்க்கரை போடாமல் வீட்டில் செய்யுங்கள். கோகம் சர்பத் வேண்டாம், அது சர்க்கரைப் பாகு.

படுக்கையில் புரண்டு படுத்தால் அறையே சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கீட்டோவால்தானே?

இல்லை. எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால் உப்பு, தண்ணீர். தலையைத் திருப்பும்போது அறை சுழன்றால் பெரும்பாலும் உள்காதுப் பிரச்சினை, இஎன்டி டாக்டர் தலையைச் சில கோணங்களில் திருப்பியே பலருக்குச் சரிசெய்துவிடுவார். பேச்சு குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, இரண்டிரண்டாகத் தெரிவது சேர்ந்து வந்தால் இஎன்டிக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், எமர்ஜென்சி.

பவாய். ஜிம்மில் வழக்கமான எடையைத் தூக்க முடியவில்லை. எப்போது சரியாகும்?

சாதாரண வேலைகளுக்கு இரண்டு மூன்று வாரம், ஜிம்முக்கு இன்னும் சில வாரம் கூடுதலாக. அதுவரை எடையைக் குறைத்துத் தூக்குங்கள், அரை மணி நேரம் முன்னால் உப்பு மோர். வேக ஓட்டம் மாதிரியான வெடிப்பு வேலைகளுக்கு உடம்பு கிளைகோஜனைத்தான் கேட்கும், அதில் பழைய வேகம் முழுசாகத் திரும்பாமலும் போகலாம்.

குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் கொடுக்கிறேன். கீட்டோவில் சோர்வு அதிகம்.

வேண்டாம்மா. தாய்ப்பால் கொடுக்கும்போது கடும் கீட்டோவில் இருந்த அம்மாக்களுக்குச் சுகர் நோயே இல்லாமல் கீட்டோஅசிடோசிஸ் வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. இன்றைக்கே சோறு சாப்பிடுங்கள். வாந்தியோ மூச்சிரைப்போ இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

ஒரேயடியாக இறங்காமல் மெதுவாகக் குறைத்தால் இந்தத் தலைசுற்றல் வராதா?

குறைவாக வரும், பலருக்கு வரவே வராது, நானும் அப்படித்தான் தொடங்கச் சொல்வேன். முதல் வாரம் சர்க்கரை, மைதா, ஜூஸ் மட்டும் நிறுத்துங்கள். அடுத்த வாரம் ராத்திரிச் சோறு போகட்டும். 100 கிராம் சாதத்தில் 28 கிராம் மாவுச்சத்து, ஒரு இட்லியில் பத்து கிராம் அளவு, இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே இறங்குங்கள். ஒரு நாள் மாவுச்சத்து 100 கிராம் பக்கம் வந்ததும் ஒரு மாதம் அங்கேயே நின்று பாருங்கள். எடையும் இடுப்பும் அங்கேயே குறைகிறது என்றால் 20-க்கு இறங்க வேண்டிய அவசியம் என்ன? எனக்குத் தெரிந்து பலர் மதியம் அரை கப் சோறோடு அங்கேயே நின்றுவிட்டார்கள். இல்லை, கீட்டோதான் வேண்டும் என்றால், 50-க்குக் கீழே இறங்கும் அன்றைக்கே உப்பு மோரைத் தொடங்கிவிடுங்கள். அந்த வாரத்தில் நீண்ட பயணம், விரதம், புது ஜிம் எதையும் சேர்த்து வைத்துக்கொள்ளாதீர்கள்.