ஆவடிக்கு வராத அறிவியல்

அன்புள்ள ஐயா,

ஆவடியில் வசிக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், வானியல் என்றால் சாப்பாடு கூட வேண்டாம் அவளுக்கு. சென்ற மாதம் தென்சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் கருந்துளைகள் பற்றிப் பொதுச் சொற்பொழிவு, அனைவரும் வரலாம் என்று நாளிதழில் பார்த்து அவளை அழைத்துக்கொண்டு போனேன். மின்சார ரயில், பறக்கும் ரயில், ஷேர் ஆட்டோ என்று மாறி மாறிப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. பேச்சு முழுக்க ஆங்கிலம். பத்து நிமிடத்துக்குப் பிறகு திரையில் சமன்பாடுகள்தான். மகள் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வைத்திருந்தாள்: ‘ஒளியே வெளியில் வராது என்றால் கருந்துளையை எப்படிப் படம் எடுத்தார்கள்?’ கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கிய ஒரு பெரியவர், ஐன்ஸ்டைன் எங்கே தவறு செய்தார் என்று விளக்க ஆரம்பித்து நேரம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான், நன்றியுரை. இந்தக் கூட்டங்கள் எங்களைப் போன்றவர்களுக்கானவைதானா? கைபேசியில் இதைவிடத் தெளிவாகத் தமிழிலேயே வீடியோக்கள் கிடைக்கும்போது நேரில் போகத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர், ஆவடி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் மகளுக்குப் பதில். மற்றதெல்லாம் பிறகு.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான படத்தில் தெரியும் அந்த ஆரஞ்சு வளையம், கருந்துளையைச் சுற்றிச் சுழலும் கொதிவாயு. உள்ளே விழுந்த ஒளிதான் திரும்பாது. விழுவதற்கு முன், வெளியே சுழன்றுகொண்டிருக்கும்போதே அந்த வாயு ரேடியோ அலைகளை உமிழ்கிறது, அவை நம்மிடம் வந்து சேர்கின்றன. வளையத்தின் நடுவே உள்ள இருட்டு கருந்துளையின் நிழல். ஆக, நிழலைத்தான் படம் எடுத்தார்கள். அது இருப்பது எம்87 என்ற விண்மீன் திரளின் மையத்தில், 5.5 கோடி ஒளியாண்டு தொலைவில். நிறை 650 கோடி சூரியன்களுக்குச் சமம். இருந்தும் இங்கிருந்து பார்த்தால் நிலவில் வைத்த ஒரு சாத்துக்குடி அளவுதான் வளையம். அதைப் பிரித்துப் பார்க்கப் பூமி அளவுக்குத் தொலைநோக்கி வேண்டும். அதனால் ஹவாய், அரிசோனா, மெக்சிகோ, சிலி, ஸ்பெயின், தென்துருவம் என்று சிதறிக் கிடந்த எட்டுத் தொலைநோக்கிகளை 2017 ஏப்ரலில் ஒரே கூட்டாக இயக்கி, அணுக் கடிகாரங்களை வைத்து நேரம் குறித்து, பதிவுகளைப் பின்னர் ஒன்றுசேர்த்தார்கள். இணையத்தில் அனுப்பி மாளாத அளவு தரவு என்பதால் வட்டுகளையே விமானத்தில் ஏற்றினார்கள். தென்துருவத்தின் வட்டுகள் மட்டும் குளிர்காலம் முடியும் வரை அங்கேயே கிடந்து அந்த ஆண்டு டிசம்பரில் வந்து சேர்ந்தன. ஆரஞ்சு நிறம் நாம் பூசியது. ரேடியோ அலைக்குக் கண்ணுக்குத் தெரியும் நிறம் ஏது?

அன்றைய பேச்சாளருக்கு இதைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நீங்கள் இரண்டு மணி நேரம் பயணம் செய்தீர்கள். அது கிடைக்காதபோது உங்களுக்கு வந்த கோபம் நியாயமானது. வீடியோவா நேரிலா என்று கேட்டால் என் கட்சி இதுதான்: கேள்வி கேட்க இடமில்லாத பேச்சைவிட வீடியோ மேல். அதை நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், வேண்டாமென்றால் மூடிவிடலாம். ஆனால் வீடியோவில் பேசுகிறவரை இடைமறிக்க முடியாது. இடைமறிக்க முடிகிற இடத்துக்கு மட்டும் நேரில் போங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நியூட்ரினோ என்ற மின்னேற்றமில்லாத நுண்துகள் பற்றி ஒரு பேச்சுக்குப் போயிருந்தேன். தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து ஆய்வகம் அமைக்கும் திட்டம் பரபரப்பாகப் பேசப்பட்ட காலம். பேச்சாளர் மைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, திரையில் இருந்ததை ஆங்கிலத்தில் வாசித்துக்கொண்டே போனார். எனக்கு முன் வரிசையில் இருவர் தூங்கிவிட்டார்கள். முடிந்ததும் பின்னாலிருந்து ஒரு பையன் தமிழில் கேட்டான்: “சார், எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போய்விடும் என்கிறீர்கள். பிறகு எதை வைத்துப் பிடிப்பீர்கள்?”

மனிதர் மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டார். முன் இருக்கையில் கிடந்த அழைப்பிதழ்களில் நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரலை நுழைத்துக்கொண்டார். அட்டைகள் இரும்புத் தகடுகள், விரல்கள் உணர்கருவிகள். சூரியனிலிருந்து மட்டும் உன் விரல்நகத்தின் வழியே ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் போகின்றன, ஒன்றுகூட உன்னைத் தொடுவதில்லை என்றார். இந்த ஆய்வகம் பிடிக்கப் போவது வளிமண்டலத்தில் பிறப்பவற்றை. அவற்றில் எப்போதாவது ஒன்று இரும்பின் அணுக்கருவில் மோதும். அப்போது மியூவான் என்ற மின்னேற்றத் துகள் பிறந்து, தகடு தகடாகத் தாண்டி, ஒவ்வொரு விரலிலும் ஒரு சுவடு விட்டுப் போகும். இரும்பைக் காந்தமாக்கி வைத்திருப்பதால் பாதை வளையும், எந்தப் பக்கம் வளைகிறது என்பதை வைத்து வந்தது நியூட்ரினோவா, அதன் எதிர்த்துகளா என்று சொல்லிவிடலாம். வாய்ப்பு அவ்வளவு குறைவு என்பதால்தான் 50,000 டன் இரும்பு. தூங்கிய இருவரும் எழுந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து ஒரு பெண்மணி, சுரங்கம் வெட்டினால் ஊர்த் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்டார். அதற்கு வந்த பதில் அவருக்குத் திருப்தி தரவில்லை, வாக்குவாதம் நீண்டது. நீளட்டுமே. மக்கள் பணத்தில் நடக்கும் அறிவியலுக்கு மக்களிடம் பதில் சொல்ல வேறு மேடை எது?

அன்று எனக்கு உறைத்தது ஒன்றுதான். அந்தப் பேச்சாளருக்குத் தமிழ் வரும், விளக்கவும் வரும். முதல் ஐம்பது நிமிடமும் அவர் முன்வரிசையில் இருந்த சக ஆய்வாளர்களுக்காகப் பேசிக்கொண்டிருந்தார். தவறாக ஏதாவது சொல்லிவிடுவோமோ என்ற பயம் சமன்பாட்டின் பின்னால் ஒளிந்துகொள்ள வைக்கிறது. சமன்பாட்டை யாரும் குறை சொல்ல மாட்டார்கள் அல்லவா?

அமைப்பாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஒரு மணி நேர அறிவியல் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சிறப்பு விருந்தினர் அறிமுகம், அவருக்குப் பொன்னாடை, அறிமுகம் செய்தவருக்கும் ஒரு பொன்னாடை, பேச்சாளரின் பட்டங்களை ஆண்டுவாரியாக வாசித்தல் எல்லாம் முடிய அரை மணி ஆகிவிடும். அந்த அரை மணியை யாரிடமிருந்து எடுக்கிறார்கள்? கேள்வி கேட்க வந்தவர்களிடமிருந்துதான். லண்டனில் மைக்கேல் ஃபாரடே தொடங்கிவைத்த ராயல் இன்ஸ்டிடியூஷனின் வெள்ளி மாலைச் சொற்பொழிவுகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக நடக்கின்றன. அங்கே மரபு இது: கடிகாரம் அடிக்கும், கதவு திறக்கும், பேச்சாளர் உள்ளே வந்ததும் அவையோரை விளிக்கக்கூட நிற்காமல் நேராக விஷயத்தைத் தொடங்கிவிடுவார். மறுபடி கடிகாரம் அடிக்கும்போது முடித்தாக வேண்டும். அங்கேயும் ஆடம்பரத்துக்குக் குறைவில்லை, ஆனால் அதற்குக் கேட்பவர்களின் நேரத்தைச் செலவழிப்பதில்லை. ஐன்ஸ்டைனைத் திருத்த வரும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மைக்கைக் கையில் கொடுக்காமல், கேள்விகளைத் தாளில் எழுதி வாங்கினால் அந்த வியாதி தீரும். குழந்தைகளின் தாள்களை முதலில் எடுக்க வேண்டும் என்பது என் சொந்த விதி.

அடுத்தது உங்கள் இரண்டு மணி நேரப் பயணம். இதைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். சென்னையின் அறிவியல் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். கணித அறிவியல் நிறுவனம் தரமணியில். ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம், தோல் ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் கிண்டி, அடையாறு பக்கம். பிர்லா கோளரங்கமும் அண்ணா நூற்றாண்டு நூலகமும் கோட்டூர்புரத்தில். சென்னைக் கணிதக் கழகம் இன்னும் தெற்கே, சிறுசேரியில். கணித அறிவியல் நிறுவனத்தார் 2016 முதல் ‘சயன்ஸ் அட் த சபா’ என்று மியூசிக் அகாடமியில் ஆண்டுதோறும் நடத்தும் நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சி. ஆய்வாளர்கள் வளாகத்தை விட்டு இறங்கிக் கச்சேரி மேடைக்கு வந்தார்களே, அதுவே பெரிது. ஆனாலும் அது மயிலாப்பூர்க்காரர்கள் நடந்து போகும் தூரம். வியாசர்பாடிக்கும் திருவொற்றியூருக்கும் ஆவடிக்கும் வந்த அறிவியல் பேச்சுகள் எத்தனை?

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. சென்னை வானாய்வகத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்று ஒருவர் இருந்தார். நுங்கம்பாக்கத்திலிருந்த அந்த ஆய்வகத்தில் சிறு வயதில் சேர்ந்து முதன்மை உதவியாளராக உயர்ந்தவர், 1867-ல் ஆர் ரெட்டிக்குலி என்ற மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக் கோள் சூரியனைக் கடக்கப் போகிறது என்பதை ஊராருக்குச் சொல்ல வேண்டும் என்று, உரையாடல் வடிவில் ஒரு சிறு நூல் எழுதி ஆங்கிலத்தோடு கன்னடம், உருது உள்ளிட்ட நம் மொழிகளிலும் வெளியிட்டார். அதே ஆண்டு பச்சையப்பன் மண்டபத்தில் பொதுச் சொற்பொழிவும் ஆற்றினார். அந்த மண்டபம் எங்கே இருக்கிறது? ஏதென்ஸ் கோயிலைப் பார்த்துக் கட்டியது போன்ற தூண்களோடு, பூக்கடைக்குப் பக்கத்தில், ஜார்ஜ் டவுனில். கடைத்தெருவின் நடுவில். சுமை இறக்குபவரும் கணக்குப்பிள்ளையும் கடந்து போகும் இடத்தில் ஒரு வானியலாளர் நின்று பேசியிருக்கிறார். நூற்றைம்பது ஆண்டுகளில் ஆய்வகங்கள் பெருகின, பேச்சுகளும் பெருகின, எல்லாம் சேர்ந்து தெற்கே நகர்ந்துவிட்டன.

திருப்பிக் கொண்டுவர முடியாத காரியம் ஒன்றுமில்லை. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் நகரத்தின் தென்கோடியில், கொலாபாவில், கடற்படைக் குடியிருப்புக்குள் இருக்கிறது. வெளியாள் எளிதில் நுழைய முடியாத இடம். மக்களை அங்கே கூப்பிட்டுப் பயனில்லை என்று, 2009 முதல் ‘சாய் அண்ட் வை?’ என்ற பெயரில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஜுஹுவின் பிருத்வி தியேட்டரில் அவர்களே போய்ப் பேசுகிறார்கள். இன்னொரு ஞாயிறு மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில். ஆங்கிலத்தோடு இந்தி, மராத்தியும் உண்டு. அனுமதி இலவசம், டீ குடித்துக்கொண்டே கேட்கலாம், பேச்சில் பாதி கேள்வி பதில்தான். நம் பக்கம் அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலக அரங்கில் மாதம் முழுக்கக் கவிதை நூல்கள் வெளியாகின்றன. ஒரே ஒரு ஞாயிறு காலையை இயற்பியலுக்குக் கொடுத்தால் கவிஞர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வடக்கே கொளத்தூர், பெரம்பூர் பக்கம் நூலகங்களும் சமுதாயக் கூடங்களும் இருக்கின்றன. தேவை ஒரு மைக், ஒரு கரும்பலகை, கைகளால் விளக்கத் தெரிந்த ஒருவர்.

அதுவரை நீங்கள் என்ன செய்வது? எல்லா அழைப்புக்கும் ஓடாதீர்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-ல் ராமன் விளைவு அறிவிக்கப்பட்ட நாள் என்பதால் அந்த வாரம் பல நிறுவனங்கள் கதவைத் திறக்கின்றன. செப்டம்பர் 26-ஐ ஒட்டி சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவின் ஆய்வகங்கள் நிறுவன நாள் கொண்டாடும். இந்தத் திறந்த வீட்டு நாட்கள் சொற்பொழிவைவிட நல்லவை. கருவி எதிரே இருக்கும், பக்கத்தில் நிற்கும் ஆய்வு மாணவர் தமிழிலேயே பேசுவார், எவ்வளவு கேட்டாலும் அலுக்க மாட்டார். கோளரங்கத்தில் தமிழ்க் காட்சி உண்டு, கிளம்பும் முன் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சொற்பொழிவுக்குப் போனால் பேச்சாளரின் பெயரைத் தேடி அவருடைய பழைய பேச்சு ஒன்றை வீடியோவில் பத்து நிமிடம் பாருங்கள். அதில் தூக்கம் வந்தால் நேரிலும் வரும்.

ஆவடியை விட்டு நகராமலே நடக்கும் ஒரு நிகழ்ச்சியும் இருக்கிறது. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நம் ஊரின் நேர் உச்சிக்கு வருகிறது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 பாகையில் இருப்பதால் சூரியன் வடக்கே போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை. ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்தினால் நிழல் அடியோடு ஒண்டிக்கொண்டே வந்து இல்லாமல் போகும். குழாயின் உள்ளே வெயில் நேராக இறங்கித் தரையில் வட்டமாக விழும். ஓரிரு நிமிடத்தில் மறுபக்கம் ஒரு கோடு முளைக்கும். நேரம் ஏப்ரலில் 12 மணி 8 நிமிடம், ஆகஸ்டில் 12.13 வாக்கில். கடிகாரத்தின் 12 மணிக்கு ஏன் நடக்கவில்லை என்று மகள் கட்டாயம் கேட்பாள். இந்திய நேரம் நமக்குக் கிழக்கே இருக்கும் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டுக்கானது, சூரியன் அங்கே போய்விட்டுத்தான் ஆவடிக்கு வரும். மிச்ச வித்தியாசம் பூமியின் சுற்றுப்பாதை வட்டமாக இல்லாததாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருவது. அதை அவளே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

1980-ல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கிளைகள் பள்ளிகளில் இதை நடத்திக் காட்டுகின்றன. உங்கள் பகுதிக் கிளைக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள். ஆகஸ்டில் மேகம் மறைக்கலாம், ஏப்ரலில் வானம் தெளிவு. ஆனால் அப்போது தேர்வு முடிந்து பள்ளியைப் பூட்டியிருப்பார்கள். மொட்டை மாடியில் செய்துகொள்ளுங்கள், தெருப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டு. செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், தளம் கொதிக்கும்.