மிஸ், ஒரு டவுட்!

தாம்பரம் பக்கம் 32 வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இந்த முறை ‘டவுட்’ என்ற ஒரே சொல்லைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே கேள்வி.

வேளச்சேரி, மென்பொருள் ஊழியர்: ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று மெயிலில் எழுதாதே என்கிறார் மேனேஜர். டவுட்டுக்கும் க்வெஸ்சனுக்கும் என்ன வித்தியாசம், மேடம்?

தெரியாததைக் கேட்டால் க்வெஸ்சன். சொன்னதை நம்ப முடியவில்லை என்றால் டவுட். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. அதில் அறியாவினா வேறு, ஐயவினா வேறு. ‘இந்தச் செய்யுளுக்குப் பொருள் என்ன?’ என்பது அறியாவினா. ‘கிடப்பது கயிறா, பாம்பா?’ என்பது ஐயவினா. நாம் எல்லாவற்றையும் டவுட் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

நமக்குள் பேசும்போது பரவாயில்லை. லண்டனில் இருப்பவருக்கு மெயில் போகிறது என்றால் ‘க்வெஸ்சன்’ என்றே எழுதுங்கள். நான் பட்டிருக்கிறேன். பள்ளிக்குப் புத்தகம் அனுப்பிய ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு, ‘உங்கள் பில்லில் ஒரு டவுட்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இணைத்து, சூடாக ஒரு பதில் வந்தது. நான் கேட்க நினைத்தது, பணம் கட்டக் கடைசித் தேதி எது என்று மட்டும்தான்.

மாதவரம், கல்லூரி மாணவி: ஸ்பெல்லிங்கில் அந்த ‘பி’ எதற்கு? உச்சரிப்பதே இல்லையே.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த ‘பி’ கிடையாது. மூலம் லத்தீனின் ‘டூபிடாரே’ ஆயிற்றே என்று படித்தவர்கள் பிறகு எழுத்தில் மட்டும் சேர்த்தார்கள். நாக்கு கேட்கவில்லை. ‘டெட்’, அதாவது கடன், அதற்கும் இதே கதை.

பெரம்பூர், ஆட்டோ ஓட்டுநர்: ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால் மழை வருமா, வராதா?

இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். ‘மழை வருமோன்னு டவுட்டா இருக்கு’ என்று நாம் சொன்னால் வரலாம் என்று அர்த்தம், மாடியில் காயும் துணியை எடுத்துவிடுவோம். அதையே ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் வராது என்று அர்த்தம், துணி அங்கேயே இருக்கட்டும். நேர் எதிர்! நம் ‘சந்தேகம்’ இரண்டு பக்கமும் சாயும். ‘அவர் வருவது சந்தேகம்’ என்றால் வரமாட்டார். ‘அவன்தான் எடுத்திருப்பான்னு சந்தேகம்’ என்றால் எடுத்திருப்பான். முதலாவது டவுட், இரண்டாவது சஸ்பெக்ட். ஆங்கிலத்தில் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்ல ‘ஐ சஸ்பெக்ட்’ போடுங்கள். ஒரு வேடிக்கை, ஸ்காட்லாந்துக்காரர்கள் பேச்சில் ‘ஐ டவுட்’ என்றால் ‘வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன்’. சவாரிக்கு யாராவது அந்த ஊர்க்காரர் வந்தால் குடையை எடுத்துக்கொள்ளுங்கள்.

குரோம்பேட்டை: டவுட், க்வெஸ்சன் வித்தியாசம்?

வேளச்சேரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆவடி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: டவுட்டுக்குப் பத்து சினானிம் வேண்டும்.

பத்தை மனப்பாடம் செய்து என்ன செய்யப் போகிறீர்கள்? மூன்றைச் சரியாகப் பிடியுங்கள். ‘மிஸ்கிவிங்’, செய்யலாமா என்று உள்ளுக்குள் உறுத்துவது. ‘அன்சர்ட்டன்ட்டி’, நிச்சயமின்மை, யார் மேலும் பழி இல்லை. ‘ரிசர்வேஷன்ஸ்’, முழு மனதாக ஒப்புக்கொள்ளாமல் கொஞ்சம் நிறுத்தி வைப்பது. என் வகுப்பில் ‘ஐ ஹேவ் ரிசர்வேஷன்ஸ்’ என்றதும் ஒரு பையன், ‘எந்த ட்ரெயின் மிஸ், பாண்டியனா?’ என்றான். ‘க்வெரி’யை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது கேள்வியின் பங்காளி.

மயிலாப்பூர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி: மேடம், கோடிக்கணக்கான இந்தியர்கள் ‘டவுட்’ என்று கேட்கிறோம், எல்லோருக்கும் புரிகிறது. நம் ஆங்கிலத்தை லண்டன்காரர் ஏன் திருத்த வேண்டும்?

திருத்தச் சொல்லவில்லை சார். வெளியே போகும் கடிதத்துக்குத்தான் எச்சரிக்கை.

அண்ணாநகர், ஸ்பானிஷ் படிப்பவர்: நான் மயிலாப்பூர் சார் கட்சி. ஸ்பானிஷில் ‘தெங்கோ உனா தூதா’ என்றுதான் ஆசிரியரைக் கேட்கிறார்கள். ‘தூதா’ என்றால் டவுட், அதே லத்தீன் வேர். அப்போது அவர்களும் தப்பா?

நல்ல அடி. போர்ச்சுகீசியத்திலும் அப்படித்தான். சரி, இதைத் தப்பு என்று சொல்பவர்களோடு நான் இல்லை.

மயிலாப்பூர் (மறுபடி): அப்படியானால் வேளச்சேரித் தம்பியை ஏன் பயமுறுத்தினீர்கள்?

பயமுறுத்தவில்லை, மரியாதை இடம் மாறுகிறது என்றேன். யோசித்துப் பாருங்கள் சார். வகுப்பில் ஒரு பையன் எழுந்து ‘மிஸ், ஒரு கேள்வி’ என்றால் நமக்கே சுருக்கென்கும். ‘என்னையே கேள்வி கேக்கறியா?’ என்று வீட்டில் அதட்டுகிறோம் இல்லையா? அதனால்தான் பிள்ளை ‘சந்தேகம்’ என்கிறான். நீங்கள் சொன்னது சரி, என் மண்டையில்தான் ஏறவில்லை என்று குறையைத் தன் மேல் போட்டுக்கொள்கிறான். அந்தப் பணிவைத்தான் ‘டவுட்’ என்று மொழிபெயர்த்தோம். லண்டனில் அது தலைகீழ். ‘க்வெஸ்சன்’ சாதுவான சொல், ‘டவுட்’ எதிராளியை உரசும். நாம் கும்பிடு போடுகிறோம், அங்கே அது விரலை நீட்டியதாகத் தெரிகிறது.

மயிலாப்பூர் (மூன்றாம் முறை): அதை அவர்கள் கற்றுக்கொள்ளட்டும்.

கற்றுக்கொள்ளட்டும் சார். அதுவரை பில் விஷயத்தில் நான் ‘க்வெஸ்சன்’தான்.

போரூர்: நல்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கோச்சிங் எது?

அதற்கு நான் ஆள் இல்லை. அங்கே படித்தவர்களைக் கேளுங்கள்.

பல்லாவரம்: ‘ஐ ஆம் டவுட்டிங்’ சரியா?

பெரும்பாலும் ‘ஐ டவுட்’ போதும். ‘நோ’, ‘லைக்’ மாதிரி இதற்கும் ‘இங்’ சாதாரணமாக ஒட்டாது.

திருவான்மியூர்: டவுட்டுக்கும் க்வெஸ்சனுக்கும்...

வேளச்சேரி. வேளச்சேரி. வேளச்சேரி.

திருவல்லிக்கேணி, சட்ட மாணவர்: ‘பெனிஃபிட் ஆஃப் தி டவுட்’ யாருக்கு? சந்தேகப்படுகிறவருக்கா?

இல்லை. சந்தேகம் ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. சந்தேகம் நீதிபதிக்கு, பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. உங்கள் பக்கத்துச் சேப்பாக்கத்தில் சந்தேகம் அம்பயருக்கு, பலன் பேட்ஸ்மேனுக்கு. ‘ஐ காட் தி பெனிஃபிட் ஆஃப் தி டவுட்’ என்று நீங்கள் எழுதினால், கூண்டில் நின்றது நீங்கள் என்று ஆகிவிடும்.