மேம்பாடா, கீழ்ப்பாடா?

கேள்வி: புதுவை பீச் ரோட்டை மேம்படுத்துவது பற்றி ஊரில் ஆளுக்கொரு கருத்து. உணவுக்கூடம், வண்ண விளக்கு, செல்ஃபி மேடை எல்லாம் வந்தால்தான் வெளியூர்க் கூட்டம் பெருகும் என்கிறார்கள் கடைக்காரர்கள். இருப்பதைக் கெடுக்காமல் விட்டால் போதும் என்கிறார்கள் காலையில் நடக்க வருகிறவர்கள். நீங்கள் எந்தக் கட்சி?
— வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: கட்சியைக் கடைசியில் சொல்கிறேன். 'மேம்படுத்துவது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லோடு எனக்கு ரொம்ப நாள் தகராறு. அதற்குள் 'மேல்' உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, கடற்கரை என்றாலே எல்லாரும் மேலேயே வேலை பார்க்கிறார்கள். மணலுக்கு மேலே டைல்ஸ், டைல்ஸுக்கு மேலே பெஞ்சு, பெஞ்சுக்கு மேலே நிழற்குடை, குடைக்கும் மேலே உயர்கோபுர விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலே திறப்பு விழாப் பலகை. கடற்கரைக்குத் தேவை மேம்பாடு அல்ல, கீழ்ப்பாடு. அகராதியில் தேட வேண்டாம், இப்போது நான் உண்டாக்கிய சொல். தண்ணீருக்கு அடியில், மணலுக்கு அடியில், தரைக்கு அடியில் செய்கிற வேலைக்கு அந்தப் பெயர்.

முதலில் தண்ணீருக்கு அடியில். நம் கிழக்குக் கரையில் அலை நேராக வந்து மோதுவதில்லை, சாய்ந்து மோதுகிறது. வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறித் தெற்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போகிறது. 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். அந்த மணல் தென்புறச் சுவரில் முட்டி நின்றுவிட்டது. தெற்கே கரை கொழுத்தது, வடக்கே ஊர்க்கரை மெலிந்தது. தேங்கும் மணலை அள்ளி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. அத்தனை கேட்டுக்கும் வேர் அதுதான்.

மணல் போனதும் பாறாங்கல் கொட்டினோம். கல் சாலையைக் காப்பாற்றும், மணலைக் கொண்டுவராது. சரிவான மணலில் ஏறிவரும் அலை சோர்ந்து திரும்பும். செங்குத்தான கல்லில் மோதும் அலையோ வேகம் அதிகம் குறையாமல் திரும்பி, கல்லின் காலடியைத் தோண்டும். காலடி போனதும் கல் சரியும். மறுபடி லாரி வரும். இதற்குள் அரிப்பு வடக்கே நகர்ந்து குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று போய், எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை வீடுகளைத் தின்றது. ஒரு ஃபைபர் படகு எட்டு, ஒன்பது மீட்டர் நீளம். அதை ஏற்றி நிறுத்தி, பக்கத்தில் வலையை விரித்து உலர்த்த எவ்வளவு மணல் வேண்டும் என்று குப்பத்தில் கேட்டால் அடி கணக்கில் சொல்வார்கள். உங்கள் கேள்வியில் கடைக்காரர் இருக்கிறார், நடப்பவர் இருக்கிறார். குப்பத்துக்காரர் இல்லை.

2018-இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஆப்பு வடிவ எஃகுத் திட்டு ஒன்றைக் கடலுக்குள் இறக்கியது. அலை அதன் மேல் உடைந்து வலுவிழக்கும். வலுவிழந்த இடத்தில் மணல் படியும். காந்தி சிலைப் பக்கம் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஜனங்கள் மணலில் கால் வைத்தது இப்படித்தான். வெளியே எதுவும் தெரியாது, படம் பிடிக்கவும் ஒன்றும் இல்லை. புதுவைக் கடற்கரைக்கு நடந்த நல்ல காரியங்களில் முதலிடம் அதற்குத்தான் கொடுப்பேன். ஆனால் திட்டு மணலை உற்பத்தி செய்யாது, வருகிற மணலைப் பிடித்துத்தான் வைக்கும். முகத்துவாரத்தில் தூர்வாரும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கொட்டாவிட்டால் அதுவும் வறண்டுபோகும். 'மேம்பாட்டு' நிதியில் முதல் செலவு இந்த மணலுக்குத்தான்.

அடுத்தது கழிப்பறை. இந்தப் பக்கத்தில் நான் கழிப்பறை பற்றி அதிகம் எழுதுவதாக முன்பே புகார் உண்டு. இன்னும் எழுதுவேன்.

கடற்கரைக் கழிப்பறை கெடுவது அழுக்கால் அல்ல, மணலால். காலில் ஒட்டிய மணல் நானி ட்ராப்பில், அதாவது தரையில் தண்ணீர் இறங்கும் வடிகால் கிண்ணத்தில் இறங்கி, சோப்பும் முடியும் சேர்ந்து இறுகி அடைத்துக்கொள்ளும். ஞாயிறு ராத்திரி தண்ணீர் தேங்கும், திங்கள் காலை பூட்டுத் தொங்கும். இதற்கு மருந்து வாசலிலேயே இருக்கிறது. முழங்கால் உயரத்தில் இரண்டு மூன்று அழுத்துக் குழாய்கள். அவற்றின் கீழே கம்பி வலை போட்ட மேடை. அதன் அடியில் இரண்டடிக்கு இரண்டடி, இரண்டடி ஆழத்தில் ஒரு மணல் தொட்டி. தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயை அடியில் வைக்கக் கூடாது, ஓர் அடி உயரத்தில் வைக்க வேண்டும். அப்போதுதான் மணல் அடியில் தங்கி, தண்ணீர் மட்டும் போகும். வாரம் ஒரு தடவை ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து அள்ளிவிட்டால் வேலை தீர்ந்தது.

கழிவு எங்கே போகிறது? கரையோரம் நிலத்தடி நீர் மிக மேலே நிற்கிறது, உறிஞ்சுகுழி அங்கே உறிஞ்சாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர்மட்டம் ஏறும்போது, காலியாக இருக்கும் பிளாஸ்டிக் டேங்க் மிதந்து மேலே வரும். இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள தொட்டியைத் தண்ணீர் மூன்று டன் விசையோடு மேலே தள்ளுகிறது. குழாய் இணைப்பெல்லாம் பிய்ந்துபோகும். அடியில் கான்கிரீட் பலகை ஊற்றி, தொட்டியைப் பட்டை போட்டு அதில் கட்ட வேண்டும். அதைவிட நல்லது, சிறிய பம்ப் வைத்து பாதாளச் சாக்கடைக்கே அனுப்பிவிடுவது.

எத்தனை அறை? ஒரு பெண்ணுக்குச் சராசரி மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறையில் மணிக்கு 20 பேர், ஐந்து அறை என்றால் 100 பேர். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வண்டிகளை நிறுத்தி சாலையை நடப்பவர்களுக்கு விட்டபின் வருகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் சம எண்ணிக்கை என்று வரைபடத்தில் போட்டால் அது சமம் இல்லை. பெண்கள் பக்கம் இரண்டு மடங்காவது வேண்டும். கொக்கி ஒன்று, குப்பைக்கூடை ஒன்று, கைக்குழந்தையைக் கிடத்த ஒரு பலகை. இவற்றுக்கு ஆகும் செலவு ஒரு செல்ஃபி எழுத்தின் பெயிண்டுக்குக்கூட வராது.

இனி கம்பி. கடல் சாரல் படும் கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்-35 கலவையும், கம்பியை மூட 50 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட்டும் (அதற்குப் பெயர் கவர்) வேண்டும் என்பது இந்தியத் தர விதி. நடப்பில், கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டைக்குப் பதில் உடைந்த ஜல்லியைக் கம்பிக்கு அடியில் சொருகுவார்கள். கவர் 20 மி.மீ. ஆகிவிடும். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடிக்கும். துரு பருமனில் பெருத்து, கான்கிரீட்டைப் பொளபொளவென்று தள்ளிவிடும். கைப்பிடி எவர்சில்வராக இருந்தால் 304 என்ற ரகம் கூடாது, 316 ரகம் கேளுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. 304 ஒரு பருவத்திலேயே டீக்கறை படிந்தது போல ஆகிவிடும். அலுமினியப் பலகையில் சாதாரண இரும்பு போல்ட் போட்டால், உப்பு ஈரத்தில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வேகமாக அரிபடும்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தார்கள். மிக நல்ல காரியம், சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அலையைக் கிட்டத்தில் பார்த்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் கடல்பக்க முனையைச் சேதப்படுத்தியது. பாதையைக் குறை சொல்ல மாட்டேன். புதுவையில் போடும்போது கடைசிப் பகுதியைக் கழற்றி மாட்டும் பலகைகளாகச் செய்து, அக்டோபரில் கழற்றிக் கிடங்கில் வைத்து, தை பிறந்ததும் மாட்ட வேண்டும்.

விளக்கைப் பற்றி ஒன்று மட்டும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிட வருகிற கரை இது. பொரிந்த குஞ்சு, வெளிச்சமான திசைதான் கடல் என்று நம்பி நடக்கும். வெள்ளை உயர்கோபுர விளக்கு இருந்தால் அது சாலைக்கு வந்து டயரில் மாட்டும். இடுப்பளவு உயரம், மஞ்சள் ஒளி, கடல்பக்கம் மறைப்பு, இப்படித்தான் அங்கே விளக்கு வேண்டும். மணலைப் பிடித்து வைக்க அடும்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் போதும். சங்க இலக்கியத்தின் நெய்தல் பாட்டுகள் பல அடும்புக்கொடி படர்ந்த கரையைப் பாடுகின்றன. அதைக் களை என்று பிடுங்கிப் புல்தரை போடுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீலக்கொடியை, அதாவது சுத்தமான கடற்கரைக்குத் தருகிற பன்னாட்டுச் சான்றைக் காட்டிச் சிலர் வாதாடலாம். சின்ன வீராம்பட்டினம் ஈடன் கடற்கரைக்கு 2021-இல் அது கிடைத்தது. அதற்கான 33 விதிகளில் செல்ஃபி மேடை இல்லை. குளிக்கும் தண்ணீரைச் சோதித்து முடிவை எழுதி வை, உயிர்காப்பாளரை நிறுத்து, கழிவுநீரைக் கடலில் விடாதே என்கிற மாதிரி விதிகள்தான்.

வசதி யாருக்கு என்று அளவெடுக்க நல்ல நாள் மாசி மகம். வைத்திக்குப்பம் கரைக்கு மயிலம் முருகன் முதல் சுற்றுவட்டாரச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாக நிற்கும். விடியற்காலையிலிருந்து ஜனம். ஈரப் புடவையை மாற்றத் தட்டி மறைப்பு, குடிக்கத் தண்ணீர், திதி கொடுப்பவர்கள் உட்கார நிழல், தொலைந்த குழந்தையை வைத்திருக்க ஓர் இடம். அன்று குறைவதையெல்லாம் எழுதிக்கொண்டு வந்தால் மற்ற 364 நாளுக்கும் பட்டியல் தயார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சுண்டல் கூடைக்காரருக்கு நான் கட்சி. அவருக்குக் கட்டடம் வேண்டாம், எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும் இல்லை. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களைக் கேட்டு இடம் குறிக்கட்டும். கழிப்பறை, உடை மாற்றும் அறை, குடிநீர், இருக்கை போன்ற தற்காலிக வசதிகளை, கடற்கரை மேலாண்மைத் திட்டத்தில் சேர்த்திருந்தால், உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 10 மீட்டர் விட்டு வைக்க 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை இடம் கொடுக்கிறது. உணவுக்கூடம் கட்டத்தான் வேண்டுமென்றால் சாலைக்கு மேற்கே, பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடங்களில் வைக்கட்டும். கிழக்கே இருக்கிற பழைய காபிக்கடை இருந்துவிட்டுப் போகட்டும், புதிதாக ஒரு செங்கல் வேண்டாம்.