10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் ஓட என்ன செய்வது?

வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறேன், 10 கி.மீ. முடிக்க 70 நிமிடம் ஆகிறது, ஒரு வருடமாக வேகம் அசையவே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே ஏற்கெனவே பதில் சொன்னவர்கள் எல்லாரும் "இன்னும் கஷ்டப்பட்டு ஓடு" என்பதையே வேறு வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள். படித்ததும் கொஞ்சம் எரிச்சலாகிவிட்டது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கோச்சும் இல்லை, டாக்டரும் இல்லை. கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 43, இரண்டு பிள்ளைகள். ஆனால் நீங்கள் நிற்கிற அதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். உங்கள் கையில் ஜிபிஎஸ் வாட்ச் இருக்கும், நான்கு நாளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடுவீர்கள், முடிக்கும்போது லேசாக மூச்சு வாங்கும், முந்தின நாளைவிட ஐந்து வினாடி குறைந்திருந்தால் அன்றைக்கு மனசு நிறைந்திருக்கும். சரிதானே?

எனக்கு வேகம் கூடியது என் நாத்தனாரால். அவளுக்கு பி.பி. எட்டிப் பார்த்தது, டாக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடக்கப் போரடிக்கிறது என்று, "அண்ணி, நானும் உங்ககூட மெதுவா ஓடி வரட்டுங்களா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன்னே மாமியார், "கூட்டிட்டுப் போ கண்ணு, தனியா எப்படிப் போவா" என்று முடித்துவிட்டார். அப்புறம் என்ன, செவ்வாய்க்கிழமை மட்டும் ரன்னிங் குரூப்போடு ஸ்டேடியம் ட்ராக்கில், மற்ற மூன்று நாளும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நாத்தனாரோடு என்று ஆனது.

அவள் வேகம் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடம். ரேஸ்கோர்ஸ் ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். ரிட்டையர் ஆன பெரியவர்கள் கைவீசி நடந்தே எங்களைத் தாண்டிப் போவார்கள். நாத்தனார் பேசிக்கொண்டே வருவாள்: சீட்டு எடுத்தவன் கட்டாமல் இழுத்தடிப்பது, மகளின் நீட் கோச்சிங் ஃபீஸ், எதிர்வீட்டுத் தண்ணீர் லாரி. "அப்புறம் என்னாச்சுன்னா..." என்று இழுத்து, நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே குறைத்துக்கொள்வோம். அந்தக் கதைகள்தான் எங்களுக்கு ஹார்ட் ரேட் மானிட்டர். ஓட்டக் கணக்கைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா ஆப்பில் அந்த ஓட்டங்களைப் பார்த்துவிட்டு குரூப்பில் ஒருவர், "என்ன மேடம், வாக்கிங்கா?" என்று போட்டார். சிரிப்பு ஸ்மைலிகள் வரிசையாக விழுந்தன.

டிசம்பரில் 10 கி.மீ. பந்தயம் வந்தது. அதுவரை என்னுடைய நல்ல நேரம் 67 நிமிடம். அன்றைக்கு 58 நிமிடம் சில்லறை. கடைசி இரண்டு கிலோமீட்டரில், வாக்கிங்கா என்று கேட்டவரையும் தாண்டித்தான் போனேன். (இப்போது அதே ஆள் புதிதாகச் சேருகிறவர்களிடம் "நம்ம ட்ரெயினிங்ல மேடம் எப்படி வந்துட்டாங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். போகட்டும்.)

"எடை குறைந்திருக்கும், அதனால்தான்" என்று யாராவது கமெண்ட்டில் வருவீர்கள். மெஷினில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் குறையவில்லை, கன்னம்தான் ஒட்டிப்போனது. அதற்கே கல்யாண வீடுகளில் பதில் சொல்லி மாளவில்லை. "என்ன இப்படி இளைச்சுட்டே, சுகர் பாத்தியா?" இலையில் உட்கார்ந்து சாம்பாரை ஊற்றும்போதே கேட்கிறார்கள். இதே வயதில் என் கணவருக்குத் தொப்பை விழுந்தபோது ஒருவர்கூட லிவர் பார்த்தியா என்று கேட்கவில்லை. ஆம்பளை பெருத்தால் வசதி, பொம்பளை இளைத்தால் வியாதி! சரி, கேள்விக்கு வருகிறேன்.

மூன்று நாள் மெதுவாக, ஒரு நாள் மட்டும் வேகமாக ஓடுவது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் என்ற கோச், 800 மீட்டர் வீரரான பீட்டர் ஸ்னெல்லையே மலைச்சாலையில் 35 கி.மீ. நீண்ட ஓட்டம் ஓட வைத்தவர். ஸ்னெல் 1960 ரோமில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார், 1964 டோக்கியோவில் 800, 1500 இரண்டிலும் வாங்கினார். நார்வேயில் ஆராய்ச்சி செய்கிற ஸ்டீபன் சைலர், முன்னணி வீரர்களின் பயிற்சியைக் கணக்கெடுத்துப் பார்த்தார். ஏறக்குறைய 80 சதவீதம் சுலபமான ஓட்டமாகவே இருந்தது. "அவர்கள் வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறவர்கள், நமக்கு எப்படிப் பொருந்தும்" என்பது நியாயமான கேள்விதான். அப்படியே காப்பி அடிக்கச் சொல்லவில்லை. ஆனால் மெதுவாக நீண்ட நேரம் ஓடும்போதும் தசையில் நுண் ரத்தக் குழாய்களும், செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் பெருகுகின்றன, இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தம் கூடுகிறது. இதெல்லாம் நமக்கும் நடக்கும். அதைவிட முக்கியம், செவ்வாய்க்கிழமை ட்ராக்கில் இறங்கும்போது கால் புதுசாக இருக்கும். நான்கு நாளும் நடுத்தர வேகத்தில் ஓடினால் கால் ஆறவும் ஆறாது, உண்மையான வேகத்தை அது பார்க்கவும் பார்க்காது.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 70 நிமிடம் என்றால் 400 மீட்டருக்கு 2 நிமிடம் 48 வினாடி. வாரத்தில் ஒரு நாள், கால் மணி நேரம் மெதுவாக ஓடி உடம்பைச் சூடாக்கிவிட்டு, 400 மீட்டரை 2:35லிருந்து 2:40க்குள் ஆறு முறை ஓடுங்கள். நடுவில் 200 மீட்டர் நடை. ஆறாவது சுற்றும் முதல் சுற்றின் நேரத்திலேயே முடிய வேண்டும். முதல் சுற்றில் 2:15க்குப் பறந்துவிட்டு நாலாவதில் முட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் பிரயோஜனம் இல்லை. மீதி மூன்று நாளும் கதை பேச முடிகிற வேகம். அதில் ஒரு நாள் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி 13, 14 கி.மீ. வரை கொண்டுபோகலாம். இன்னொரு நாள் ஓட்டத்தின் கடைசியில் இருபது வினாடி விறுவிறுவென்று நாலைந்து முறை ஓடினால் கால் வேகத்தை மறக்காது. ஒரு மாதத்தில் பலன் எதிர்பார்க்காதீர்கள். எனக்குச் சில மாதங்கள் ஆயின, நடுவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு சும்மா இருந்த நாட்களும் உண்டு.

நீங்கள் பெண்ணாக இருந்தால் ஒரு விஷயம் கூடுதலாக. ஒரு ரத்தப் பரிசோதனை செய்து ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிற்சி அட்டவணையும் உதவாது, டாக்டரைப் பார்ப்பதுதான் வழி. சாப்பிட்ட கையோடு டீ காபி குடித்தால் சாப்பாட்டிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறையும், அதையும் தள்ளி வையுங்கள்.

ஷூ பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் யாராவது இருபதாயிரம் ரூபாய்க்கு, அடியில் கார்பன் தகடு வைத்த பந்தய ஷூ வாங்கச் சொல்வார்கள். 70 நிமிடக்காரருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. கருத்துதான், சண்டைக்கு வராதீர்கள்.

நீங்கள் சென்னை என்று போட்டிருக்கிறீர்கள். ஏப்ரல், மே புழுக்கத்தில் அதே உழைப்புக்கு வேகம் தானாகவே இறங்கும், வாட்சைப் பார்த்துப் பதறாதீர்கள். ஜனவரி ஓட்டத்தை அடுத்த ஜனவரி ஓட்டத்தோடு ஒப்பிடுங்கள், மே மாதத்து ஓட்டத்தோடு வேண்டாம்.