அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகலாமா?

கேள்வி: திருச்சியில் வளர்ந்தவள் நான். நியூ ஜெர்சியில் யூதர் ஒருவரை மணந்து, இரண்டு வருடம் படித்து, முறைப்படி யூத மதத்துக்கு மாறினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. வைதீகமான சபை என்பதால் கட்டுப்பாடுகள் அதிகம். போன முறை ஊருக்கு வந்தபோது அம்மா சமைத்ததைச் சாப்பிடவில்லை. தம்பி தாலி கட்டும்போது மண்டபத்துக்கு வெளியே நின்றேன். சனிக்கிழமை போன் எடுப்பதில்லை. "உன்னைப் பறிகொடுத்துட்டோம்" என்கிறார் அம்மா. தை மாதம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். போவதா, வேண்டாமா?

பதில்: போங்கள். அதில் யோசிக்கவே வேண்டாம். எப்படிப் போவது என்பதைத்தான் பேச வேண்டும்.

"எதுவும் மாறலைம்மா" என்று மட்டும் சமாதானம் சொல்லாதீர்கள். மாறியிருக்கிறது, அம்மாவுக்கும் தெரியும். நீங்கள் யாரைக் கும்பிடுகிறீர்கள் என்பதைவிட, அவர் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்ததுதான் அவருக்குச் சுட்டிருக்கும் என்று நினைக்கிறேன். காரணம் சொல்லாத 'வேண்டாம்' யாருக்கும் அவமானமாகத்தான் போய்ச் சேரும்.

மதம் மாறியவர் புதிதாகப் பிறந்த குழந்தையைப் போல என்று யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை வைத்துப் பெற்றவர்களின் பந்தம் அறுந்தது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளாதீர்கள். 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்டங்களைத் தொகுத்த மைமோனிடீஸ், மதம் மாறியவர் யூதரல்லாத தன் தந்தையை இழிவுபடுத்தக் கூடாது, ஓரளவாவது மரியாதை காட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறார். இல்லாவிட்டால் 'அதிகப் புனிதத்திலிருந்து குறைந்த புனிதத்துக்கு வந்துவிட்டார்கள்' என்று மற்றவர்கள் சொல்லும்படி ஆகிவிடுமாம். அதோடு, பெற்றோரை எதுவரை மதிக்க வேண்டும் என்ற கேள்விக்குத் தல்மூத் காட்டும் ஆள் யூதரே இல்லை. அஸ்கெலோன் ஊர் தாமா பென் நெத்தினா. ரத்தினம் இருந்த பெட்டியின் சாவி, தூங்கும் அப்பாவின் தலைக்கு அடியில் இருந்தது. அவரை எழுப்ப மனமில்லாமல் பெரிய ரத்தின வியாபாரத்தையே விட்டுக்கொடுத்தவர். உங்கள் அப்பா அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சரி, யூத உணவு விதிகளால் வந்த சாப்பாட்டுச் சிக்கல். மூடிய கதவு இல்லை அது. புதுப் பாத்திரம், புதுக் கரண்டி, புதுக் கத்தி வாங்கி அம்மாவிடமே கொடுங்கள், அவர் பொருளாகவே இருக்கட்டும். பருப்பு, காய், அரிசி போதும். பல சபைகளில், சமைப்பவர் யூதரல்லாவிட்டாலும் அடுப்பை யூதர் ஒருவர் பற்றவைத்தாலே போதும் என்ற வழக்கம் உண்டு. உங்கள் மதகுருவான ரபியிடம் கேட்டுக்கொண்டு அடுப்பை நீங்கள் பற்றவையுங்கள், அம்மா சமைக்கட்டும். கீரையில் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பார்ப்பது உங்கள் சட்டத்திலும் உண்டு, அம்மா அடுக்களையிலும் உண்டு. சேர்ந்து உட்கார்ந்து ஆயுங்கள்.

போன் விஷயம் இன்னும் சுலபம். ஊரில் சனிக்கிழமை முழுக்க அழைப்புக்குப் பதில் இல்லையென்றால் அப்பாவுக்குப் பயம்தான் வரும். அவருக்கு வெள்ளிக்கிழமை மாலை ஆகும்போது உங்களுக்கு அன்று காலை. அன்று சூரியன் மறையும்போதுதான் யூதரின் ஓய்வுநாள் தொடங்கும், அதற்குப் பல மணி நேரம் இருக்கிறது. வாரம் தவறாமல் அப்போது நீங்களே கூப்பிடுங்கள். அம்மா விளக்கேற்றும் நேரம் அது. நீங்களும் சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றப்போகிறீர்கள். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. அம்மா அதைப் பற்றிக் கேட்டால் ஆசையாகச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இப்போது தை மாதத்துக்கு வருவோம். ஹோமத்தில் உட்காருவதும் பிரசாதம் சாப்பிடுவதும் உங்களால் முடியாது. தம்பி கல்யாணத்தில் நடந்த தவறு வெளியே நின்றதல்ல, முன்கூட்டி யாருக்கும் சொல்லாமல் நின்றது என்றே எனக்குப் படுகிறது. இந்த முறை ஒரு வாரம் முன்னதாகவே போய்விடுங்கள். பந்தல், பலகாரப் பட்டியல், உறவினரை ஸ்டேஷனில் போய் அழைத்துவருவது என்று வேலைக்கா பஞ்சம்? முதல்நாள் இரவு வீட்டோடு ஒரு சாப்பாடு வைத்து, அப்பாவுக்கு வேட்டி சட்டை, அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுங்கள்.

ஆனால் டிக்கெட் போடும் முன் அப்பாவிடம் நீங்களே பேசுங்கள். கணவர் மூலமாகவோ தம்பி மூலமாகவோ வேண்டாம். "ஹோமத்தின்போது உள்ளே இருக்க மாட்டேன்பா, மற்றபடி உங்க கூடவே இருப்பேன்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம், சில நாள் பேசாமலும் இருக்கலாம். பொறுத்திருங்கள். சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் அவரிடமே விட்டுவிடுங்கள்.