எலும்புக்குப் பரவிய புற்றுநோய்: வலியைத் தணிக்க வழி உண்டா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிவிட்டது. வலியால் இரவெல்லாம் உறங்குவதில்லை. மருத்துவர் எழுதிய மார்ஃபின் மாத்திரையைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா? - வாசகர், ஊத்தங்கரை.

பதில்: உருவிவிடவே கூடாது. எலும்புக்குள் புகுந்த புற்றுச் செல்கள், பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன. அங்கே சுரக்கும் வேதிப்பொருள்கள் நரம்புகளை உறுத்துவதும், எலும்பைப் போர்த்தியுள்ள சவ்வு இழுபடுவதும் சேர்ந்துதான் இந்த வலி உண்டாகிறது. புராஸ்டேட் புற்றுநோயில் எக்ஸ்ரே படத்தில் எலும்பு அடர்த்தியாகத் தெரிந்தாலும், அது ஒழுங்கின்றி வளர்ந்த, வலுவற்ற எலும்பு என்பதால், அழுத்தி உருவினால் முறிந்துவிடக்கூடும்.

மார்ஃபினுக்கு அஞ்ச வேண்டாம். மருத்துவர் சொல்லும் அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை. அதற்கு அடிமையாவதும் அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் ஏறத்தாழ 4 மணி நேரமே நிற்கும் என்பதால், வலி வந்தபின் தேடாமல், எழுதித் தந்த நேரப்படி கொடுங்கள். மலச்சிக்கல் அநேகமாக வந்தே தீரும். ஆகவே மலமிளக்கியையும் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாள்களில் தணியும்; ஆனால் எழுப்பியும் விழிக்காவிட்டாலோ மூச்சு மிகவும் மெதுவானாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம்.

குறிப்பிட்ட ஓரிடத்தில் வலி மிகுதியாக இருந்தால் கதிர்வீச்சு நல்ல பலன் தரும். பெங்களூருவுக்கு நாள்தோறும் யார் அழைத்துப் போவது என்று இதைக் கைவிடுபவர்கள் பலர். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஏனெனில் பெரும்பாலானோருக்கு 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு முறை கொடுப்பதே, பல நாள் சிகிச்சைக்கு இணையாக வலியைத் தணிக்கிறது. முதல் சில நாள்கள் வலி சற்றுக் கூடலாம். முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எலும்பு முறிவைத் தடுக்க ஜோலெட்ரானிக் அமில ஊசியும் உண்டு. அதற்கு முன் பல்லையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வந்து நோயின் துயர் தணிக்கும் சேவையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்தையின் பெயரைப் பதிவுசெய்யுங்கள்.

கால்கள் மரத்துப்போனாலோ, நடை தளர்ந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ தண்டுவடம் நசுங்கத் தொடங்கியிருக்கலாம். தாமதித்தால் இழந்த நடை திரும்பாமலே போகலாம் என்பதால், நள்ளிரவானாலும் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.