ஆர்டர் இருக்கிறது, கையில் பணம் இல்லை: சுங்குடிச் சேலை விற்கும் வாசகிக்கு ஒரு வரி ஆலோசகரின் பதில்

கேள்வி: சின்னாளபட்டியில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாகச் சுங்குடிச் சேலைகளை ஓர் இணைய விற்பனைத் தளத்தின் மூலம் விற்றுவருகிறேன். மாதம் 150 சேலைகள் அனுப்பினால் 30 திரும்பி வந்துவிடுகின்றன. காலை ஐந்து மணிக்கு எழுந்து பார்சல் கட்ட உட்கார்ந்தால் படுப்பதற்கு இரவு பதினொன்றாகிவிடுகிறது. ஆனாலும் கையில் பணம் நிற்பதில்லை. எனக்கு ஜிஎஸ்டி பதிவு எடுத்துக்கொடுத்த ஏஜெண்டுக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தேன். இப்போது அவரே, இரண்டு காலாண்டுக்குத் தாக்கல் நடக்கவில்லை, நோட்டீஸ் வந்திருக்கிறது, 45,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத்தருகிறேன், இல்லையென்றால் வங்கிக் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்கிறார். தொழிலைத் தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: முதலில், அந்த 45,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். தொடர்வதா விடுவதா என்பதை அதன் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம். நீங்கள் உழைப்பில் குறை வைக்கவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. குறை இரண்டு இடங்களில் இருக்கிறது: உங்கள் வரிக் கணக்கின் சாவி வேறொருவர் கையில் இருக்கிறது, உங்கள் சேலையின் அடக்கக் கணக்கு யார் கையிலும் இல்லை.

ஏஜெண்ட் சொல்வது உண்மையா என்பதை அவரைக் கேட்காமலேயே நீங்கள் பார்த்துவிட முடியும். ஜிஎஸ்டி இணையதளத்தில் கடவுச்சொல் எதுவும் இல்லாமல், வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் உங்கள் 15 இலக்கப் பதிவு எண்ணைக் கொடுத்தால், உங்கள் கடையின் பெயர், முகவரி, நீங்கள் எந்த அதிகாரியின் எல்லைக்குள் வருகிறீர்கள் என்ற விவரம், இதுவரை எந்தெந்தப் படிவம் எந்தத் தேதியில் தாக்கலானது என்ற பட்டியல் எல்லாம் திரையில் வந்துவிடும். அந்தப் பட்டியலை அச்செடுத்து, மாதந்தோறும் நீங்கள் கொடுத்த 500 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தெந்த மாதம் பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாமல் விட்டார் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

தாக்கல் செய்யாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று இனிமேல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நீங்கள் விற்கும் தளம் உங்கள் பதிவு எண்ணின் பெயரில் எவ்வளவு விற்பனை நடந்தது என்பதை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் துறைக்குத் தெரிவித்துவிடுகிறது. உங்கள் விற்பனை மதிப்பில் 0.5 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்டியும் விடுகிறது. 2024 ஜூலை 10க்கு முன்பு இது 1 சதவீதமாக இருந்தது. பிடித்த தொகை உங்களுடைய பணம்தான். இணையதளத்தில் அதற்குரிய படிவத்தில் ஏற்றுக்கொண்டால் வரி கட்டுவதற்காக அங்கே உங்கள் பெயரில் இருக்கும் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவாகும். என்னிடம் வரும் சிறு விற்பனையாளர்களில் பலருக்கு இப்படி ஒரு வரவு இருப்பதே தெரிவதில்லை.

சரி, நீங்கள் உண்மையில் எவ்வளவு கட்டவேண்டியிருக்கும்? தாக்கல் செய்யாதவருக்கு வரும் நோட்டீஸ், 15 நாட்களுக்குள் தாக்கல் செய்யச் சொல்லும் நோட்டீஸ். வரி கட்டவேண்டியவருக்குத் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 50 ரூபாய். ஆனால் ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவருக்கு அது ஒரு படிவத்துக்கு 2,000 ரூபாயைத் தாண்டாது. இரண்டு காலாண்டுக்கு இரண்டிரண்டு படிவம் என்று வைத்தாலும் 8,000 ரூபாய். நீங்கள் அனுப்பிய கணக்கின்படி, தளம் ஏற்கெனவே பிடித்தது போக, ஆறு மாதத்துக்கு நிகர வரி ஏறத்தாழ 6,500 ரூபாய். அதற்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி சில நூறு ரூபாய். எப்படிக் கூட்டினாலும் 15,000 ரூபாய்க்குள் முடிகிறது, அதுவும் முழுக்க அரசுக்குப் போகும் பணம். மிச்சம் 30,000 ரூபாய் யாருக்கு என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். தாக்கல் தாமதமான ஒரே காரணத்துக்காக மறுநாளே வங்கிக் கணக்கு முடங்கிவிடாது. இப்படிப் பயமுறுத்துவது இந்தத் தரகர்களின் வழக்கமான உத்தி.

இந்த இடத்தில் சற்று அழுத்திச் சொல்லவேண்டிய ஒன்று இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான். அப்படியிருக்க, அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டும் தனியார் தளங்களும், தெருமுனைக் கணினி மையங்களும் இவற்றுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகின்றன. வேலை செய்துகொடுத்ததற்குக் கூலி வாங்குவதில் தவறில்லை. தவறு எங்கே நடக்கிறது என்றால், பதிவு விண்ணப்பத்தில் உங்கள் கைபேசி எண்ணுக்குப் பதிலாகத் தங்கள் எண்ணையும், உங்கள் மின்னஞ்சலுக்குப் பதிலாகத் தங்கள் மின்னஞ்சலையும் போட்டுவிடுகிறார்கள். அன்றிலிருந்து ஓடிபி அவருக்கு, நோட்டீஸ் அவருக்கு, அதிகாரியின் கடிதமும் அவருக்கு. கடை உங்கள் பெயரில் இருந்தாலும் கல்லாப்பெட்டி அவர் வீட்டில் இருப்பது போன்ற நிலை இது. சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் ஊறுகாய் வியாபாரியின் பதிவு எண்ணில், அவர் வாழ்நாளில் தொட்டிராத இரும்புக் கம்பிகளுக்குப் பில் போடப்பட்டிருந்தது. கடவுச்சொல் வைத்திருந்தவர் அதைப் போலி பில் வியாபாரத்துக்குப் பயன்படுத்தியிருந்தார். தமக்கும் அந்தப் பில்களுக்கும் தொடர்பில்லை என்று நிரூபிக்க அந்த மனிதர் கடையை மூடிவிட்டு மாதக்கணக்கில் அலுவலகங்களுக்கு அலைந்தார்.

ஏஜெண்ட் கடவுச்சொல் தர மறுத்தாலும் வழி இருக்கிறது. முன்பு சொன்ன தேடலில் தெரியும் உங்கள் எல்லைக்குரிய அதிகாரியிடம் அடையாளச் சான்றோடும் தொழில் முகவரிச் சான்றோடும் நேரில் சென்று, பதிவில் உள்ள கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றித்தரக் கேளுங்கள். அவர் சரிபார்த்து உங்கள் புதிய விவரங்களைப் பதிவேற்றினால், பயனர் பெயரும் தற்காலிகக் கடவுச்சொல்லும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். இதற்கும் கட்டணம் இல்லை. சட்டம் இவ்வளவு எளிமையாக ஒரு வழியை வைத்திருக்கும்போது, அதைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டு ஒவ்வோர் அலுவலக வாசலிலும் ஒட்டிவைத்தால் எத்தனை பேர் பிழைப்பார்கள்! தறிக்காரருக்கும் சாயப்பட்டறைக்காரருக்கும் ஆங்கிலத்தில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அவர்கள் தரகரைத் தேடி ஓடுவதைக் குறை சொல்லிப் பயனில்லை.

இனி உங்கள் சேலைக்கு வருவோம். பணம் எங்கே போகிறது என்பதைத் தளத்தின் பட்டுவாடா அறிக்கையே சொல்கிறது. நீங்கள் வங்கிக்கு வந்த தொகையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். ஒரு சேலையை 840 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அதில் 800 ரூபாய் சேலைக்கு, 40 ரூபாய் 5 சதவீத ஜிஎஸ்டி. கமிஷன், நிலையான கட்டணம், அனுப்பும் செலவு எல்லாமாகத் தளம் 150 ரூபாயும், அதன்மேல் 18 சதவீத வரியாக 27 ரூபாயும் எடுக்கிறது. பட்டறையில் பில் இல்லாமல் வாங்கும் சேலை 480, பெட்டியும் உறையும் 18. நீங்கள் வசூலித்த 40 ரூபாய் வரியில் தளத்துக்குக் கட்டிய 27 ரூபாயைக் கழித்து 13 ரூபாய் அரசுக்குக் கட்டவேண்டும். ஆக, வாங்கியவர் திருப்பித்தராத ஒரு சேலையில் உங்களுக்கு நிற்பது 152 ரூபாய். வருமான வரிக்காகப் பிடிக்கும் 0.1 சதவீதம் சிறு தொகை. ஆண்டுக் கணக்குத் தாக்கலில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

இப்போது ஐந்து சேலை அனுப்பியதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்குப்படி அதில் ஒன்று திரும்பும். நான்கில் கிடைப்பது 608 ரூபாய். திரும்பிய ஒன்றுக்குத் தளம் பிடிக்கும் 140, வீணான பெட்டிக்கு 18, ஆக 158 போனால் 450 ரூபாய் மிஞ்சும். அந்தத் திரும்பிய சேலை மஞ்சள் கறையோடோ, வேறு யாருடைய பழைய சேலையாகவோ வந்து சேர்ந்தால் 480 ரூபாயும் போய், ஐந்து சேலை விற்ற உழைப்புக்கு நீங்கள் 30 ரூபாய் கையிலிருந்து கொடுத்தவராகிறீர்கள். பதினெட்டு மணி நேர உழைப்பு இந்த ஒரு பார்சலில் கரைகிறது.

ஆகவே உங்கள் ஒழுங்கு முதலில் திரும்பிவரும் பார்சலில் தொடங்கவேண்டும். கட்டும்போது, சேலையின் இரண்டு பக்கமும், முந்தானையும், ஒட்டிய லேபிளின் எண்ணும் ஒரே ஓட்டத்தில் தெரியும்படி கைபேசியில் படம் எடுங்கள். திரும்பி வந்த பார்சலை, எவ்வளவு அவசரமானாலும், கேமராவுக்கு முன்னால் லேபிளைக் காட்டிவிட்டுத்தான் பிரிக்கவேண்டும். பிரித்துவிட்டுப் பிறகு எடுக்கும் படத்துக்கு மதிப்பில்லை. இழப்பீடு கேட்பதற்குத் தளம் வைத்திருக்கும் கெடு சில நாட்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூலையில் அடுக்கிவைத்த பார்சல்களில்தான் உங்கள் 480 ரூபாய்கள் செத்திருக்கின்றன. கேட்ட இழப்பீட்டுக்குத் தளத்தின் உதவி மையம் ஒரே பதிலை நான்கு முறை ஒட்டி அனுப்பும். அசராமல் ஐந்தாவது முறையும் படத்தோடு கேளுங்கள். ஒரு சிறு விற்பனையாளர் மனிதர் ஒருவரோடு பேசுவதற்கே இத்தனை வாசலைத் தாண்டவேண்டியிருப்பது பெரிய அநியாயம் என்பதே என் கருத்து.

சேலை ஏன் திரும்புகிறது என்பதையும் எழுதிவையுங்கள். கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியும், மெழுகு அச்சுப் புள்ளியும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும், கையில் எடுத்தால் வேறு வேறு என்று தெரிந்துவிடும். எது எந்த வகை என்பதை விவரத்தில் நேர்மையாக எழுதி, முதல் இரண்டு சலவை தனியாகத் துவைக்கவேண்டும் என்பதையும், அறை விளக்கில் எடுத்த படத்தைவிட நிறம் சற்று மாறலாம் என்பதையும் சொல்லிவிட்டால், ஏமாந்தோம் என்று திருப்புவோர் குறைவார்கள். மாதம் 30 திரும்புவது 15 ஆனால், ஆர்டர் ஒன்றுகூடக் கூடாமலேயே உங்களுக்கு மாதம் 4,650 ரூபாய் மிஞ்சும். விளம்பரத்துக்கும், பணம் வாங்கிக்கொண்டு ஐந்து நட்சத்திரக் கருத்துகள் போட்டுத்தரும் ஆட்களுக்கும் கொடுக்கும் பணத்தை இதோடு ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர் வேடத்தில் விற்பவரே கருத்துப் போடுவது 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி தவறு; தளம் கண்டுபிடித்தால் கணக்கையே நிறுத்திவிடலாம்.

உங்களுக்குப் பதிவே தேவைதானா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாரும் சொல்லித்தராத விலக்கு என்பதால் அதை விளக்கிச் சொல்கிறேன். இணையத் தளத்தில் பொருள் விற்றால் விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பது பழைய நிலை. 2023 அக்டோபர் 1 முதல், விற்பனை முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்து, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால், பதிவு இல்லாமலே தளத்தில் விற்கலாம். பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று, அதைத் தளத்துக்குக் கொடுக்கவேண்டும். அப்போது காலாண்டுத் தாக்கல் இல்லை, தளம் 0.5 சதவீதம் பிடிப்பதும் இல்லை. வாங்குபவரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கக்கூடாது, தளத்துக்குக் கட்டும் 27 ரூபாய் வரியைக் கழிக்கவும் முடியாது. அதே 840 ரூபாய்க்கு விற்றால் 152 நின்ற இடத்தில் 165 நிற்கும். வெளிமாநிலத்துக்கு ஒரு சேலை போனாலும் இந்த விலக்கு போய்விடும். உங்கள் விற்றுமுதல் ஆண்டுக்கு 12 லட்சம் அளவில்தான் இருக்கிறது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு ஆர்டர்கள் பெங்களூரிலிருந்தும் ஹைதராபாத்திலிருந்தும் வருவதாக உங்கள் பட்டியல் காட்டுகிறது. 120 சேலையில் 40 சேலையை இழந்து, மீதி 80க்குப் பதிமூன்று ரூபாய் கூடுதலாகப் பெறுவது உங்களுக்குக் கட்டுப்படியாகாது. எனவே இப்போதைக்குப் பதிவை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிவரும் முப்பதில் பெரும்பகுதி வெளிமாநிலப் பார்சல்கள்தான் என்று மூன்று மாதக் குறிப்பு காட்டினால், அப்போது இந்தக் கணக்கை மறுபடி போடுங்கள். பதிவை விடுவதானால் முறையாக ரத்துக்கு விண்ணப்பித்து, மூன்று மாதத்துக்குள் இறுதிப் படிவமும் தாக்கல் செய்யவேண்டும். சும்மா விட்டுவிட்டால் இதே நோட்டீஸ் மறுபடி வரும்.

தொடரலாமா என்ற கேள்விக்கு என் பதில், மூன்று மாதம் தொடருங்கள் என்பதுதான். இரவு ஒன்பது மணிக்கு மேல் பார்சல் கட்டாதீர்கள். அந்த நேரத்தில் அரை மணி, அன்று போனது, வந்தது, திரும்பியது, பிடித்தது என்று நான்கு பத்தி நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருநாள் அதைப் பட்டுவாடா அறிக்கையோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பாருங்கள். காலாண்டுத் தாக்கலில் இருந்தால், காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 13ஆம் தேதி விற்பனைப் படிவத்துக்கும், 22ஆம் தேதி வரிப் படிவத்துக்கும் என்று நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். தாக்கலை வேறொருவர் செய்துகொடுக்கலாம், ஆனால் ஓடிபி உங்கள் கைபேசிக்குத்தான் வரவேண்டும்.

நோட்டீஸின் 15 நாள் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த வாரமே ஆதார், பான், மின் கட்டண ரசீது, வாடகை வீடானால் ஒப்பந்தத்தின் நகல், பதிவுச் சான்றிதழ், தாக்கல் பட்டியலின் அச்சுப் பிரதி, புதிதாகத் தொடங்கிய ஒரு மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றோடு, கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றக் கோரும் மனுவைத் தமிழிலேயே இரண்டு பிரதி எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.